கரியமில வாயுவை அமிலமாக்கினால் வாங்குவது யார்? இராமநாதபுரம் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியபட்டினம் பக்கம் கடலோரத்தில் மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனி ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டு வெளியூர் நிறுவனம் ஒன்று வந்தது. புகைக்கூண்டில் போகும் கரியமில வாயுவைப் பிடித்து, வெயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, எத்திலீனாக மாற்றப் போகிறோம் என்றார்கள். எத்திலீன் என்றால் பாலித்தீன் பைக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் மூலப்பொருள். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்த பிறகு, இந்த மாவட்டத்து வெயிலுக்கு விலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெயிலை முன்னிறுத்திப் பேசுகிற எவருக்கும் இங்கே நாற்காலியும் தேத்தண்ணியும் கிடைக்கும்.

ஐஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரர், ஊரே காக்கா என்று கூப்பிடும் பெரியவர், அவர்கள் கொடுத்துவிட்டுப் போன அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாத்துச் சொல்லுங்க தம்பி. இதுல எது நெசம், எது சோடனை?"

காஸ்டிக் சோடா ஆலையில் மின்பகுப்புக் கலங்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் நான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது பழகிய வேலை. கரியமில வாயுவில் பாய்ச்சுவது புதிது. ஆனாலும் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்: எத்தனை யூனிட் செலவாகிறது, எது வீணாகிறது, எது முதலில் கெட்டுப்போகிறது, கடைசியில் வருகிற சரக்கை யார் எடுப்பார்கள். அறிக்கையில் முதல் மூன்றுக்கு அரைகுறையாகப் பதில் இருந்தது. நான்காவதற்குப் பதிலே இல்லை.

நாங்கள் போட்ட கணக்கு, மேசைமேல் ஓட்டிப் பார்த்த சிறு கலம், அதற்குப் பிறகு காக்கா எடுத்த முடிவு ஆகியவைதான் கீழே இருப்பது.

எந்த உலோகம், எந்தச் சரக்கு

கரியமில வாயுவை மின்முனைமேல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த மின்முனையின் உலோகமே முடிவு செய்கிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி 1980-களில் உலோகம் உலோகமாக எடுத்துப் பார்த்து இதை வரிசைப்படுத்தினார். வெள்ளீயம், ஈயம், இண்டியம், பிஸ்மத் ஆகியவற்றில் ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம், வரும். தங்கம், வெள்ளி, துத்தநாகத்தில் கார்பன் மோனாக்சைடு. செம்பில் மட்டும் மீத்தேன், எத்திலீன், எத்தனால் என்று கலவையாக வரும். இரும்பு, நிக்கல், பிளாட்டினத்தில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் மிஞ்சும்; வாயு சும்மா பார்த்துக்கொண்டு போய்விடும்.

தண்ணீரில் இந்த வாயு அதிகம் கரையாது. சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான். கரைந்த வாயுவை மட்டும் நம்பினால் கலம் நத்தை வேகத்தில்தான் ஓடும். அதனால் வாயு ஒரு பக்கமும் தண்ணீர் மறுபக்கமும் நிற்க, நடுவில் தண்ணீர் ஒட்டாதபடி மெழுகுத்தன்மை ஏற்றிய கார்பன் தாளில் வினை நடக்கும்படி வாயுப் பரவல் மின்முனையைப் பயன்படுத்துகிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லியாம்பியரும் அதற்கு மேலும் இழுக்க முடிவது இதனால்தான். இந்தத் தாள்தான் முழு இயந்திரத்திலும் நோஞ்சான் உறுப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

எத்திலீன் கணக்கு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது

ஒரு மூலக்கூறு எத்திலீன் உருவாக 12 எலக்ட்ரான் வேண்டும். ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 11,500 ஆம்பியர் மணி. கலம் 3.5 வோல்ட்டில் ஓடுகிறது, பாய்ச்சிய மின்சாரம் ஒரு துளி வீணாகாமல் எத்திலீனுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 40 யூனிட். செம்பு மின்முனை அவ்வளவு யோக்கியம் இல்லை. பாய்ச்சியதில் 60 சதவீதம் எத்திலீனுக்குப் போனாலே நல்ல கலம். அப்படியானால் 67 யூனிட்.

சூரிய மின்சாரம் யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றே வைப்போம். மின்சாரச் செலவு மட்டும் கிலோவுக்கு 200 ரூபாய். சர்வதேசச் சந்தையில் எத்திலீன் கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு யூனிட்கூட வீணாகாத கனவுக் கலத்திலும் 120 ரூபாய். அறிக்கையில் இந்தப் பெருக்கல் எங்கும் இல்லை. "எதிர்காலத்தில் திறன் உயரும்" என்ற வாக்கியம் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. திறன் நூறு சதவீதத்துக்கு மேல் உயராது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. செம்பு மின்முனையில் வினை நடக்கும்போது காரத்தன்மை கூடுகிறது. காரம் இன்னும் வினைபுரியாத கரியமில வாயுவை விழுங்கிக் கார்பனேட்டாக்கிவிடும். எதிர்மின் அயனியைக் கடத்தும் சவ்வு அந்தக் கார்பனேட்டை மறுபக்கம் கொண்டுபோய் விட, அங்கே அது மறுபடி வாயுவாகி ஆக்சிஜனோடு வெளியே போகும். அமிலமும் காரமும் அல்லாத நடுநிலைக் கரைசலில் எத்திலீன் தயாரிக்கும் கலத்தில், உள்ளே விட்ட வாயுவில் அதிகபட்சம் கால்பங்குதான் சரக்காக மாற முடியும். கார்பன் மோனாக்சைடுக்குப் பாதி. பணம் கொடுத்துப் பிடித்த வாயுவை மறுபடி காற்றில் விடுவதென்றால், எதற்காகப் பிடித்தோம்?

ஃபார்மிக் அமிலம் ஏன்

எத்திலீனை விட்டுவிட்டு ஃபார்மிக் அமிலத்துக்குக் கணக்குப் போட்டோம். இதற்கு மூலக்கூறுக்கு இரண்டே எலக்ட்ரான். ஒரு கிலோவுக்கு 1,165 ஆம்பியர் மணி. 3.5 வோல்ட், பாய்ச்சியதில் 90 சதவீதம் அமிலத்துக்கே போகிறது என்று எடுத்தால் கிலோவுக்கு நாலரை யூனிட். 14 ரூபாய்க்குள் மின்சாரச் செலவு முடிந்துவிடும். காரணம் எளிது. கரியமில வாயுவின் இரண்டு ஆக்சிஜனும் ஃபார்மிக் அமிலத்திலேயே தங்கிவிடுவதால், வாயுவின் எடை அப்படியே சரக்கின் எடையாகிறது. ஒரு கிலோ அமிலத்துக்கு 0.96 கிலோ வாயு. எத்திலீனில் ஆக்சிஜனை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு மின்சாரம்.

கொள்கையளவில் ஃபார்மிக் அமிலத்துக்கு 1.4 வோல்ட் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 3.5 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் பாய்ச்சியதில் பாதிக்கு மேல் சூடாகப் போகிறது. இராமநாதபுரத்து மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் சூடு யாருக்கும் தேவைப்படாது.

மேசைமேல் ஓடிய கலம்

கணக்கு மட்டும் போட்டு அறிக்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் காக்காவுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்திலிருந்து 25 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலம் ஒன்றை வாங்கிவந்து, ஐஸ் கம்பெனியின் பழைய ஆபீஸ் அறையில் வைத்தோம். எதிர்முனையில் பிஸ்மத் பூசிய கார்பன் தாள், நேர்முனையில் இரிடியம் ஆக்சைடு, நடுவில் சவ்வு. ஓடவிட்டது பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல். சிலிண்டர் வாயு. கூட ஒத்தாசைக்கு வாலிநோக்கத்துப் பையன் ஒருவன். டிப்ளமோ முடித்தவன், வீட்டில் தலைமுறையாக உப்பள வேலை.

அளவு புரிவதற்கு ஒன்று சொல்கிறேன். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லியாம்பியர் என்றால் இந்தக் கலத்தில் இரண்டரை ஆம்பியர். எதுவும் வீணாகாவிட்டால் மணிக்கு இரண்டு கிராம் சொச்சம் ஃபார்மிக் அமிலத்துக்கு நிகரான ஃபார்மேட். காக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஒரு ஈயக்கூடக் கொல்ல முடியாது போல" என்றார். உண்மைதான்.

முதலில் கெட்டது எது என்பதே இங்கே முக்கியம். கலம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாயு நுழையும் பக்கத்து அழுத்தமானி மெல்ல ஏறியது. வோல்ட் கூடியது. ஃபார்மேட் குறைந்து ஹைட்ரஜன் குமிழி அதிகமானது. நிறுத்திக் கலத்தைப் பிரித்தோம். வாயு ஓடும் பாம்பு வளைவுத் தடங்களில் வெள்ளை வெளேரென்று படிகம். உப்பளத்துப் பாத்தி ஒன்றைக் கையளவுக்குச் சுருக்கிச் சட்டத்துக்குள் அடைத்த மாதிரி இருந்தது. பையன் ஒரு நொடி பார்த்துவிட்டு, "அண்ணே, விளைஞ்சிருச்சு" என்றான். அன்றிலிருந்து எங்களுக்குள் கேள்வியே "விளைஞ்சிருச்சா?" என்றுதான்.

விளைந்தது பொட்டாசியம் பைகார்பனேட். நேர்முனைப் பக்கத்துக் கரைசலிலிருந்து பொட்டாசியம் சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் கசியும். எதிர்முனையில் உண்டாகும் கார்பனேட்டைச் சந்திக்கும். அங்கே ஈரம் மெல்லிய படலமாகத்தான் இருக்கும் என்பதால் உடனே படிகமாகிவிடும். படிகம் துளைகளை அடைக்கும், அதோடு தன் பக்கம் ஈரத்தையும் இழுக்கும். ஈரம் ஏறினால் மெழுகுத்தன்மையுள்ள தாள் ஊறிப்போகும். தாள் ஊறினால் வாயு வினை நடக்கும் இடத்துக்கு வந்து சேராது, ஹைட்ரஜன்தான் வரும். உலகத்தில் இந்தத் துறையில் வேலை செய்கிற அத்தனை ஆய்வகமும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

வைத்தியம் உண்டு. கரைசலின் அடர்த்தியை ஒரு மோலாரிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்தோம். கலத்துக்குள் போகும் வாயுவை வெதுவெதுப்பான தண்ணீர்க் குமிழிப் புட்டி வழியாக அனுப்பி ஈரப்படுத்தினோம். அவ்வப்போது வாயுத் தடத்தில் சுத்தமான தண்ணீரைச் சிறிது விட்டுக் கழுவினோம். மூன்றும் பலன் தந்தன. மூன்றுக்கும் விலையும் இருந்தது. அடர்த்தி குறைந்ததும் கரைசலின் மின்தடை கூடி வோல்ட் ஏறியது. கழுவும்போதெல்லாம் உற்பத்தி நின்றது. அறிக்கையில் இந்தக் கழுவுதலுக்கு நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

தண்ணீர் என்றதும் இன்னொரு விஷயம். இதற்குக் கேட்பது உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீர். இந்தக் கரையில் கிணறு உப்பு, காவிரிக் கூட்டுக் குடிநீர் முறைபோட்டு வரும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிப் பார்த்தோம். மின்கடத்தும் அளவு கேனுக்குக் கேன் மாறியது. அறிக்கையோ "கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்துவோம்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தது. கடல்நீரின் குளோரைடு நேர்முனையில் குளோரினாகும். அதன் கால்சியமும் மக்னீசியமும் காரம் உள்ள பக்கத்தில் சுண்ணாம்பு ஏடாகப் படியும். குளோரின் கலந்த கழிவுநீர் போய்ச் சேர்வது எங்கே? 21 தீவுகளும் பவளத்திட்டும் கடற்புல்லும் உள்ள மன்னார் வளைகுடாவில். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

காற்றும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் செப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். வோல்ட் ஏறியதற்குக் கலம் காரணமா, களிம்பேறிய இணைப்பு காரணமா என்று பிரித்தறிய அளவுக் கம்பிகளைத் தனியாக மின்முனைத் தகட்டிலேயே தொடவைக்க வேண்டியிருந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் பரிசோதனைத் திடல் வைத்திருப்பது சும்மா இல்லை. துருவைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். மின்சாதனம் வைக்க?

காக்காவுக்கு நன்றாகப் பிடித்த சோதனை வேறு. நேர்முனையிலிருந்து வெளியேறும் வாயுக் குழாயைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டோம். வெறும் ஆக்சிஜன் என்றால் தண்ணீர் தெளிவாகவே இருக்க வேண்டும். கண்ணெதிரே பால்போல் கலங்கியது. காசு கொடுத்து சிலிண்டரில் வாங்கிய கரியமில வாயு, சவ்வைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. ஃபார்மேட் தயாரிப்பில் இந்த இழப்பு எத்திலீன் அளவுக்கு மோசமில்லை, இருந்தாலும் இருக்கிறது. ஃபார்மேட்டும் எதிர்மின் அயனிதான், அதுவும் கொஞ்சம் சவ்வைத் தாண்டிப் போய் நேர்முனையில் எரிந்து மறுபடி கரியமில வாயுவாகிறது. தயாரித்த சரக்கையே தின்கிற இயந்திரம்.

வாயு எங்கிருந்து வரும்

அறிக்கை "அருகிலுள்ள மின் நிலையம்" என்றது. வழுதூரில் இயற்கை எரிவாயுவில் ஓடும் அரசு மின் நிலையம் இருக்கிறது. எரிவாயுச் சுழலியின் புகையில் கரியமில வாயு நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். மீதியில் நைட்ரஜனும் தாராளமாக ஆக்சிஜனும். அந்தப் புகையை அப்படியே கலத்துக்குள் விட்டால் மின்சாரம் முதலில் ஆக்சிஜனிடம்தான் போகும். அது சுலபமான வினை. ஆகவே முதலில் கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் என்ற இரசாயனத்தின் கரைசலில் வாயுவைப் பிடித்து, சூடேற்றிப் பிரிக்க வேண்டும். டன்னுக்கு மூன்றரை முதல் நான்கு கிகாஜூல் வெப்பம் செலவாகும். கிலோவுக்கு ஒரு யூனிட் வெப்பம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சீமைக்கருவேல் விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் மாவட்டத்தில் உண்டு. அவற்றின் புகையில் கரியமில வாயு பல மடங்கு அதிகம்; மரத்திலிருந்து வந்தது என்பதால் கணக்கிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இங்கேதான் அளவைப் பற்றிய மயக்கம் தெளிந்தது. 10 மெகாவாட் விறகு ஆலை நாளொன்றுக்கு சுமார் 300 டன் கரியமில வாயு விடுகிறது என்று வைப்போம். அத்தனையையும் ஃபார்மிக் அமிலமாக்க நாளுக்கு 14 லட்சம் யூனிட் வேண்டும். கமுதி நிலையத்தின் தினசரி உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. 10 மெகாவாட் ஆலை விட்ட புகைக்கு 300 மெகாவாட்டுக்கு மேல் சூரியத் தகடு! வருகிற அமிலமோ வருஷத்துக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் செலவாகும் ஃபார்மிக் அமிலமே சுமார் பத்து லட்சம் டன்தான்.

என் அபிப்பிராயம் இந்த இடத்தில் உறைந்துவிட்டது. இதைப் புகைக்கு வைத்தியம் என்று விற்கக் கூடாது. ஒரு சின்ன இரசாயனத் தொழிலாகப் பார்த்தால் மட்டுமே பேச்சுவார்த்தைக்கு அர்த்தம் உண்டு. சின்னத் தொழில் என்றால் சாராய ஆலையிலும் உர ஆலையிலும் பிடித்துச் சிலிண்டரில் அடைத்து விற்கும் வாயுவே போதும். புகைக்கூண்டில் ஏற வேண்டியதில்லை.

பக்கத்து தூத்துக்குடியில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அங்கே சோடா உப்பு தயாரிக்கும் ஆலையில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிடித்து, அங்கேயே சோடா உப்புக்குப் பயன்படுத்தும் அமைப்பு 2016-இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிக்கும் வடிவமைப்பு என்று அறிவித்தார்கள். அதில் மின்பகுப்பே கிடையாது. வாயுவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த ஆலை, அதே சுவருக்குள் தன் புகையைப் பார்த்துக்கொண்டது. வாங்குபவர் முதலில் இருந்தார். தொழில்நுட்பம் பிறகு வந்தது.

வெயில் சாயங்காலம் போய்விடும்

இங்கே 1 மெகாவாட் சூரியத் தகடு வருஷத்துக்கு சுமார் 16 லட்சம் யூனிட் தரும். சராசரியாக நாளுக்கு 4,400 யூனிட். கிலோவுக்கு நாலரை யூனிட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு டன் அமிலம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சி வெயிலின் 1 மெகாவாட்டை வாங்கிக்கொள்ள, சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லியாம்பியர் கணக்கில், சுமார் 140 சதுர மீட்டர் மின்முனை வேண்டும். அது முழுத் திறனில் வருஷத்தின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும். மீதி நேரம் இரிடியமும் சவ்வும் சும்மா உட்கார்ந்திருக்கும். இரிடியம் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன் மட்டுமே கிடைக்கும் உலோகம். சும்மா உட்காரவைக்கிற சரக்கா அது?

"ராத்திரிக்கு இ.பி. கரண்டு போட்டுக்கிடலாமே தம்பி?" என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரியமில வாயு வெளியாகிறது. நாலரை யூனிட்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல். ஒரு கிலோ வாயுவை அமிலமாக்க மூன்று கிலோ வாயுவைப் புதிதாக விடுவது. அவர் சிரித்துவிட்டார்.

நிறுத்தி ஓட்டுவதும் கலத்துக்கு ஆகாது. மின்சாரம் நின்ற நேரத்தில் தாளின் மெழுகுத்தன்மை குறைந்து ஈரம் ஏறுகிறது. மறுநாள் காலையில் கலம் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதில்லை. அதே சமயம் மின்னழுத்தத்தை இடையிடையே குறைத்து ஏற்றினால் படிகம் கரைய வாய்ப்புக் கிடைக்கிறது என்பதும் தெரிந்த விஷயம். மேகம் வந்து போகும் நாட்களில் படிக விளைச்சல் குறைவாகத்தான் இருந்தது. அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.

வாங்குவது யார்

ஃபார்மிக் அமிலம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கன்னியாகுமரி. ரப்பர் பாலை உறையவைக்க அங்கே இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடுவோரும் வாங்குவார்கள். அவர்கள் வாங்குவது 85 சதவீத அடர்த்தியுள்ள கேன். கலத்திலிருந்து வருவதோ நீர்த்த கரைசல். எங்கள் கலத்தில் அமிலம்கூட வரவில்லை. பொட்டாசியம் ஃபார்மேட் உப்புக் கரைசல்தான் வந்தது. அமிலமாகவே எடுக்க மூன்று அறைக் கலம் வேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹவோதியன் வாங்கின் குழு 2019-இல் நடு அறையில் திட மின்பகுளியை, அதாவது அயனிகளைக் கடத்தும் திடப்பொருளை, வைத்து உப்புக் கலக்காத அமிலக் கரைசலை எடுத்துக் காட்டியது. ஆக வழி இருக்கிறது.

ஆனால் அடர்த்தியாக்குவது தனித் தலைவலி. ஃபார்மிக் அமிலமும் தண்ணீரும் சேர்ந்து 107 டிகிரியில் ஒன்றாகக் கொதிக்கும். முக்கால் பங்கு அமிலத்துக்கு மேல் சாதாரணமாகக் காய்ச்சிப் பிரிக்க முடியாது. அதற்கு எரிக்கும் எரிபொருள் கலத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், ரப்பர்க்காரர் அந்த 85 சதவீத அமிலத்தைத் தண்ணீரில் நன்றாக நீர்த்துத்தான் பாலில் ஊற்றுவார். நீர்த்ததையே கொடுக்கலாம் என்றால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

யோசனை வந்தது ஐஸ் கம்பெனியின் பின்பக்கத்து வாடையிலிருந்து. விசைப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சங்காயம், அதாவது தின்ன உதவாத சிறு மீனும் கழிசலும், காய்ந்து தீவனத்துக்குப் போகும். மழைக்காலத்தில் காயாமல் அழுகும். மீனை அரைத்து, 85 சதவீத ஃபார்மிக் அமிலம் நூற்றுக்கு மூன்று மூன்றரை பங்கு கலந்தால் புளிப்பு ஏறி அழுகல் நிற்கும். மீனின் குடலிலுள்ள நொதிகளே சதையைக் கரைத்துக் கூழாக்கிவிடும். சைலேஜ் என்பார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. தீவனத்தில் சேர்க்கலாம்; நீர்த்து இலைமேல் தெளிக்கும் உரமாகவும் விற்கலாம்.

இலைத் தெளிப்புக்குத்தான் எங்கள் கணக்கு பொருந்துகிறது. ஒரு டன் மீனுக்குத் தேவை சுமார் 30 கிலோ சுத்த அமிலம். பத்து சதவீதக் கரைசலாகக் கொடுத்தால் 300 கிலோ. கூடவே 270 லிட்டர் தண்ணீர் சேரும். தீவனத்துக்கு அது கெடுதல், ஏனென்றால் மறுபடி காயவைக்க வேண்டும். தெளிப்பு உரத்தை எப்படியும் விவசாயி தண்ணீரில் கலக்கப் போகிறார். அடர்த்தியாக்கும் செலவு இல்லை, லாரி வாடகை இல்லை.

இதிலும் ஒரு கோணல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வெயில் கொளுத்தும் அந்த இரண்டு மாதமும் சங்காயம் வராது. சங்காயம் அழுகி அமிலம் அவசரமாகத் தேவைப்படும் ஐப்பசி கார்த்திகையில் வெயில் இருக்காது. நல்ல வேளையாக நீர்த்த ஃபார்மிக் அமிலம் பிளாஸ்டிக் டிரம்மில் கெடாமல் நிற்கும். வெயிலைச் சேமிக்க பேட்டரியைவிட டிரம் மலிவு.

முடிவு

நிறுவனத்துக்காரர்கள் மறுபடி வந்தபோது காக்கா ஒரே கேள்வி கேட்டார்: "செய்யுற சரக்க எடுக்கப் போறது யாரு? ஆளக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்." யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் குத்தகைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நான் கொடுத்த யோசனை, கலத்தை ஒத்திவைத்துவிட்டுக் கடையில் கிடைக்கும் 85 சதவீத அமிலத்தை வாங்கிவந்து சைலேஜைத் தொடங்கிப் பார்ப்பது. சரக்கு விற்குமா என்பது தெரிந்துவிடும். அமிலம் எங்கிருந்து வந்தது என்பது மீனுக்குத் தெரியாது. இப்போது ஐஸ் உடைக்கும் தளத்தில் நீல டிரம்களும் ஓர் அரைவை இயந்திரமும் இருக்கின்றன. வாலிநோக்கத்துப் பையன்தான் தினமும் கிளறி, புளிப்பு அளவைத் தாளில் தொட்டுப் பார்க்கிறான். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் அமிலக் கேனைத் திறக்கக் கூடாது என்று அவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தோலில் பட்டால் கொப்பளிக்கும்.

மின்பகுப்புக் கலத்துக்குக் கதவை அடைத்துவிடவில்லை. கூரைமேல் 50 கிலோவாட் தகடு போட்டால் நாளுக்குச் சராசரி 220 யூனிட். சுமார் 48 கிலோ அமிலம். அது ஒன்றரை டன் மீனுக்குக் காணும். வாயு, இழப்பையும் சேர்த்து, 30 கிலோ சிலிண்டர் நாளுக்கு இரண்டுக்குக் குறையாது. ஒன்றரை டன் சங்காயம் தடைக்காலம் போக மற்ற மாதங்களில் நிலையாக வந்து, அத்தனை கூழையும் பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயிகள் எடுத்துக்கொண்டால், 50 கிலோவாட் கலத்துக்கு வேலை இருக்கிறது. இப்போது வருவது அதில் கால்பங்குகூட இல்லை.